தாது வருஷமும் பஞ்ச விதி நூலும்



சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், தடா என்னும் ஊரில் மேற்கே திரும்பிக் காளத்திக்குப் போகும் சாலையைப் பிடித்தால், சிறிது நேரத்தில் வரதய்யபாளையத்தை அடையலாம். ஒரு புறம் கம்பாக்கம் மலை. கிழக்கே சில கல் தொலைவில் பழவேற்காட்டு ஏரி. இடையே ஏரிப் பாசனத்தை நம்பிய வயல்கள். இன்று இவ்வூர் ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. 2022 ஏப்ரலில் அம்மாவட்டம் அமையும் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இதனை அடுத்த சத்தியவேடு வட்டாரமோ செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்து, படாஸ்கர் தீர்ப்பையொட்டி எல்லை மாற்றப்பட்டபோது, 1960 ஏப்ரல் 1 ஆம் நாள் ஆந்திரத்துடன் சேர்ந்தது. நாமெல்லாம் பிழைப்பை நாடி மூட்டை கட்டிக்கொண்டு பிற மாநிலம் வந்தோம். அவ்வட்டாரத்துத் தமிழரோ தம் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே பிற மாநிலத்தார் ஆயினர்!

இப்பகுதியை நாம் இன்று நினைவுகூர்வது எல்லைக்காக அல்ல. வானம் பொய்த்த ஓர் ஆண்டுக்காக. ஏரி நிரம்பினால் சோறு, நிரம்பாவிட்டால் கடன், அடுத்த ஆண்டும் நிரம்பாவிட்டால் வலசை என்பதே இந்நாட்டுப்புறத்தின் பழைய கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழைதான் இங்கே ஏரியை நிரப்புவது. 1876 ஆம் ஆண்டு அம்மழை பொய்த்தது. தமிழ் ஆண்டுகளில் அது தாது. பாட்டிமார் வாய்மொழியில் 'தாது வருஷப் பஞ்சம்' என்று பல தலைமுறைகள் நின்ற பெயர் அதுவே. சென்னை இராஜதானியின் பெரும்பகுதியும், மைசூரும், ஐதராபாத்தும், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதியும் ஈராண்டுகள் வதைபட்டன. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் பசியாலும், பசியைத் தொடர்ந்த காலராவாலும் காய்ச்சலாலும் மாண்டனர் என்பது பிற்காலக் கணிப்பு. இலங்கைத் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மொரீஷியசுக்கும் கப்பலேறியவர்கள் எத்தனையோ பேர். வெளிநாட்டுத் தமிழர் பலருடைய குடும்ப வரலாறு இந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது.

துரைத்தனத்தாரிடம் கலெக்டர்கள் இருந்தனர், தாசில்தார்கள் இருந்தனர், ஊர்தோறும் மணியக்காரரும் கர்ணமும் இருந்தனர், தந்தியும் இரயிலும் வந்துவிட்டன. இத்தனை இருந்தும் அப்பேரமைப்பு ஏன் தடுமாறிற்று? ஆட்கள் இருந்தனர், ஆனால் மழை பொய்த்த மறுநாள் யார் என்ன செய்யவேண்டும் என்பதை எவரும் முன்னரே தீர்மானித்து வைக்கவில்லை என்பதே நம் கருத்து. ஒவ்வொரு பஞ்சத்தையும் உலகின் முதற்பஞ்சம் போலவே எதிர்கொண்டார்கள்.

இதற்கு முன்னரே இரண்டு படிப்பினைகள் கிடைத்திருந்தன; இரண்டையும் அரசு தலைகீழாகக் கற்றது. 1866 இல் ஒரிசாவில் பஞ்சம் வந்தது. நெல் விலை ஏறியபோது வணிகர் தாமே கொண்டு வருவர் என்று அதிகாரிகள் காத்திருந்தனர். பின்னர்த் தவறுணர்ந்து அரிசி வரவழைத்தபோது பருவக்காற்று தொடங்கித் துறைமுகங்கள் அடைபட்டுவிட்டன. கப்பலில் அரிசி இருக்க, கரையில் மக்கள் மாண்டனர். இறந்தோர் சுமார் பத்து இலட்சம். அந்த வெட்கம் மறையாத நிலையில், 1873-74 இல் பீகாரில் பஞ்சம் வரும் அறிகுறி தோன்றவே, சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார் பர்மாவிலிருந்து ஏறத்தாழ நாலரை இலட்சம் டன் அரிசியை முன்கூட்டியே வரவழைத்தார். பட்டினிச் சாவு என்பதே ஏறக்குறைய இல்லையாயிற்று. இந்திய வரலாற்றில் அதுபோன்ற வெற்றி அதற்கு முன் இல்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? வீண்செலவு செய்தார் என்று இங்கிலாந்திலும் இங்கும் ஏசினர். வராத கேட்டுக்காக இவ்வளவு பணத்தைக் கொட்டுவதா என்றனர். அவர் கொட்டியதால்தான் கேடு வரவில்லை என்பதை எண்ணியவர் சிலரே. முன்னேற்பாட்டின் பெருந்துன்பம் இதுவே: அது வெற்றி பெற்றால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஏச்சுப் பட்ட டெம்பிளையே 1877 ஜனவரியில் சென்னைக்கு அனுப்பினார் வைசிராய் லிட்டன் பிரபு. அதே மாதம் முதல் நாள் தில்லியில் விக்டோரியா அரசியாரை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கும் தர்பார் நடந்தேறியிருந்தது. டெம்பிள் இம்முறை சிக்கனத்தின் அவதாரமாக வந்தார். நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது இன்றைய கணக்கில் சுமார் 450 கிராம். பெண்களுக்கும் சிறுவருக்கும் இன்னும் குறைவு. நாள் முழுதும் மண் வெட்டிச் சுமப்பவனுக்கு இது எவ்வாறு போதும்? சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் போதாது என்று எழுத்து மூலம் போராடினார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். மே மாதத்தில் கூலியைச் சற்று உயர்த்தினர், பருப்பும் சேர்த்தனர். இடைப்பட்ட மாதங்களில் மாண்டவர்க்கு அதனால் பயன் என்ன? இன்னொன்று. சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் அரசு தொடக்கத்தில் தானே தானியம் வாங்கிச் சேமிக்க முற்பட்டபோது, வாணிபத்தில் தலையிடலாகாது என்று மேலிடம் கண்டித்தது. அந்தப் பஞ்ச காலத்தில்தான் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு 3,20,000 டன் கோதுமை ஏற்றுமதியாயிற்று.

நெருக்கடி வந்த பின் நடைபெறும் விவாதம் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. எத்தனை பவுண்டு தானியம் என்பதைக் கார்னிஷும் டெம்பிளும் 1877 இல் அல்லவா வாதிட்டனர்? 1875 இல், ஏரி நிரம்பியிருந்தபோது வாதிட்டிருந்தால் முடிவு எதுவாயினும் அதற்கு உயிர்விலை கொடுக்க நேர்ந்திராது.

பஞ்சம் ஓய்ந்த 1878 இல், சர் ரிச்சர்டு ஸ்டிரேச்சியின் தலைமையில் பஞ்சக் குழு ஒன்று அமைந்தது. 1880 இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அதன் செயலாளர் சார்லஸ் எலியட் என்பார் மைசூர்ப் பஞ்சத்தில் நேரே பணியாற்றியவர். அவர் கைபட வரைந்ததே பஞ்ச விதி நூல். 1883 இல் அதன் மாதிரியை மாகாணங்களுக்கெல்லாம் அனுப்பினர். சென்னை உட்பட ஒவ்வொரு மாகாணமும் தன் நிலைக்கேற்பத் தனக்கென ஒரு விதி நூல் செய்துகொண்டது.

அந்நூலைப் புரட்டினால் வியப்பு உண்டாகும். அது பஞ்சத்தைப் பற்றிய நூலாயினும், பஞ்சமில்லாத ஆண்டுகளில் செய்யவேண்டியவற்றோடுதான் தொடங்குகிறது. மழையளவு, சாகுபடிப் பரப்பு, தானிய விலை, பிறப்பு இறப்பு ஆகிய கணக்குகள் சிற்றூரிலிருந்து தாலுக்காவுக்கும், தாலுக்காவிலிருந்து கலெக்டருக்கும் தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும், பஞ்சம் வந்தால் எந்த ஏரியைத் தூர் வாருவது, எந்தச் சாலையை இடுவது, எந்தக் கால்வாயை வெட்டுவது, ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்ற பட்டியல், மதிப்பீட்டோடு ஆயத்தமாக இருக்கவேண்டும். ஆண்டுதோறும் அதைத் திருத்தவும் வேண்டும். மாவட்டத்தை எவ்வாறு வட்டங்களாகப் பிரிப்பது, எந்த வட்டத்துக்கு எந்த அதிகாரி என்பதும் முன்னரே முடிவாக வேண்டும்.

பிறகு அறிகுறிகள். விலைவாசி ஏறுதல் மட்டும் போதாதென்று நூலாசிரியர்கள் உணர்ந்திருந்தனர். வட்டிக்காரன் கடன் கொடுக்க மறுத்தல், சிறு திருட்டுகள் பெருகுதல், மக்கள் காரணமின்றி ஊர் ஊராய் அலைதல், பிச்சைக்காரர் தொகை கூடுதல் இவையெல்லாம் பசியின் முன்னோடிகள் என்று குறித்தனர். நாட்டுப்புறத்தில் வாழ்ந்தவர் எவரும் இதை ஒப்புவர். பசி வயிற்றுக்கு வருமுன் கடைக்காரனின் கணக்குப் புத்தகத்துக்கு வந்துவிடும்.

அறிகுறி கண்டவுடன் என்ன செய்வது? இங்கேதான் அந்நூலின் நுட்பமான பகுதி. பஞ்சம் உண்டா இல்லையா என்று மேலதிகாரிகள் நாற்காலியில் அமர்ந்து வாதிடவேண்டாம். சோதனை வேலை ஒன்றைத் திறந்து பாருங்கள் என்றது. குறைந்த கூலிக்குக் கடினமான வேலை. மக்கள் வாராவிடில் நிலைமை இன்னும் முற்றவில்லை. திரள் திரளாக வந்தால், வேறு சான்று வேண்டா. உடனே நிவாரண வேலைகளைத் தொடங்கலாம். உழைக்க முடியாத முதியோர், நோயாளர், கைக்குழந்தையுடைய தாய்மார் ஆகியோருக்கு அவரவர் ஊரிலேயே இலவச உதவி. நெசவாளர் மண்வெட்டி பிடித்தால் கை கெடும் என்பதால் அவர்கள் தொழிலிலேயே அவர்களுக்கு வேலை. மாட்டுக்குத் தீவனம் கிடைக்கக் காடுகளைத் திறந்துவிடல், நிலவரியை நிறுத்தி வைத்தல், விதைக்கும் கிணற்றுக்கும் தக்காவிக் கடன், இவையும் அதிலுண்டு.

கூலியையும் நூலே விதித்தது; அதுவும் காசாக விதிக்காமல் தானிய அளவாக விதித்தது. விலை ஏறினால் காசுக்கூலி தானே ஏறும். கார்னிஷின் போராட்டம் இவ்வாறு ஒரு பட்டியலாய் உருமாறிற்று எனலாம்.

இவற்றையெல்லாம் நாம் புகழ்ந்துரைப்பதால் அந்நூல் குறையற்றது என்று கொள்ள வேண்டாம். கூலி ஏழைக்குப் போதுமா என்பதைக் காட்டிலும் ஏமாற்றுக்காரன் நுழைந்துவிடுவானோ என்ற கவலை அதில் அதிகம். பஞ்ச நிதியென்று ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கப் போவதாக அரசு அறிவித்தது. அந்தப் பணம் ஆப்கானியப் போருக்குப் போயிற்று என்று அக்காலத்துப் பத்திரிகைகள் சாடின. 1896-97 இலும் 1899-1900 இலும் பெரும் பஞ்சங்கள் மீண்டும் வந்து இலட்சக்கணக்கானோரைக் கொண்டு போயின. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குழு அமைந்து விதி நூலைத் திருத்தியது. 1901 இல் அறிக்கை தந்த மக்டானல் குழு, மக்கள் மனமுடைந்து வீட்டை விட்டுப் புறப்படுமுன்னரே, மழை பொய்த்த தொடக்கத்திலேயே கடனும் வரித்தள்ளுபடியும் தந்து ஊக்கம் ஊட்டவேண்டும் என்று வற்புறுத்தியது. முதல் நூலில் இல்லாத மனித உள்ளம் இருபது ஆண்டுகள் கழித்து அதனுள் புகுந்தது என்று நாம் மகிழலாம். தவறினால் திருத்திக்கொள்ளும் நூல் என்பதே அதன் தலையாய சிறப்பு.

அரசாங்கத் தாள்களை மொழிபெயர்த்து வயிறு வளர்க்கும் நமக்கு இத்தகைய நூல்களைப் பற்றி ஓர் ஐயமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்துக்காகத் தீத்தடுப்பு விதிகளைத் தமிழாக்கினோம். சொல்லுக்குச் சொல் தேடி, 'அவசரகால வாயில்' என்பதா 'இடர்க்கால வாயில்' என்பதா என்று இரண்டு நாள் விவாதித்தோம். ஒரு மாலை மின்கம்பியில் புகை கிளம்பிற்று. அனைவரும் அந்த வாயிலுக்கு ஓடினோம். பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்பது எவர்க்கும் தெரியவில்லை. புகை தானே அடங்கியதால் இன்று சிரித்துக்கொண்டு சொல்கிறோம்! நாம் பெயர்த்த விதிகள் நல்ல தமிழில், நல்ல அலமாரியில் பத்திரமாக இருந்தன.

பஞ்ச விதி நூலுக்கும் அத்தகையதொரு மாலை வந்தது. ஆனால் அங்கே புகை தானே அடங்கவில்லை. 1943 இல் வங்காளத்தில் சுமார் முப்பது இலட்சம் பேர் மாண்டனர். கல்கத்தாவில் அந்நாளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தார், வீட்டு வாசலில் வடித்த கஞ்சிக்குக் கையேந்தி நின்ற கூட்டத்தைத் தம் மக்களுக்குச் சொல்லியிருப்பர். பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றது. கரையோரப் படகுகளைப் பகைவர் கைப்பற்றாதிருக்க அரசே பறித்தது. விலை விண்ணை முட்டிற்று. விதி நூலில் குறித்த அறிகுறிகள் அனைத்தும் வரிசையாகத் தோன்றின. எனினும் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கப்படவே இல்லை. காரணம் வினவினால், அறிவித்தால் நூல் விதித்த அளவு தானியம் கொடுக்கவேண்டும், கொடுக்கத் தானியமில்லை, ஆகவே அறிவிக்கவில்லை என்பது ஆளுநரின் விளக்கம். அறுபது ஆண்டுகளாகத் திருத்தித் திருத்திச் செப்பனிட்ட நூல் அலமாரியில் இருந்தது. அதைத் திறக்கும் அதிகாரம் ஓர் அலுவலரின் கையொப்பத்தைச் சார்ந்திருந்தது, அக்கையொப்பம் விழவில்லை. மாவட்டக் கலெக்டர் தாமே தொடங்கலாம், மேலிடம் பிறகு ஒப்பலாம் என்றொரு விதி இருந்திருந்தால் என்னவாயிருக்கும் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

விடுதலைக்குப் பின் நிலை மாறிற்று. பத்திரிகையும் சட்டமன்றமும் கேள்வி கேட்கத் தொடங்கியதால் கையொப்பங்கள் விரைவாக விழுந்தன. 1972-73 இல் மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி நேர்ந்தபோது, உச்சகட்டத்தில் சுமார் ஐம்பது இலட்சம் பேர் அரசு வேலைகளில் கூலி பெற்றனர். பழைய நூலின் சோதனை வேலையும் வேலைப் பட்டியலும் அங்கே உயிர்பெற்று எழுந்தன. அம்மாநிலத்து வேலை உறுதித் திட்டம் அதிலிருந்து கிளைத்தது. 2005 இல் நாடு முழுதுக்கும் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு அத்திட்டமே முன்னோடி. தாது வருஷத்தில் ஒரு பவுண்டு தானியத்துக்கு மண் சுமந்தவரின் பேரர்கள், வேலை கேட்பதைத் தம் உரிமையாகப் பெற்றனர்.

பசிக்கு எழுதியதைப் போலவே புயலுக்கும் எழுத நாடு கற்றுக்கொண்டது. அதற்கும் முதலில் பிணங்களைக் காணவேண்டியிருந்தது. 1977 நவம்பர் 19 இல் ஆந்திரத்தின் திவி சீமையைக் கடல் விழுங்கியபோது பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின் கரையோரத்தில் புயல் காப்பிடங்கள் எழுந்தன. மக்களை அப்புறப்படுத்தும் முறை வகுக்கப்பட்டது. 1990 மே மாதம் அதே ஆந்திரக் கரையை அதற்கு ஒப்பான புயல் தாக்கியது. இறந்தோர் ஆயிரத்துக்கும் குறைவு. ஒரிசாவிலும் அவ்வாறே. 1999 பெரும்புயலில் சுமார் பதினாயிரம் பேர் மாண்டனர். அவ்வாண்டே பேரிடருக்கெனத் தனி அமைப்பொன்று நிறுவினர்; ஊர்தோறும் ஒத்திகை பார்த்தனர். 2013 இல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து இலட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினர். உயிரிழப்பு ஐம்பதைத் தாண்டவில்லை. அம்மக்களுள் எத்தனையோ பேர், வீட்டையும் மாட்டையும் விட்டு வரமாட்டோம் என்று அடம்பிடித்திருப்பர். பழகிய முகமுள்ள ஊர்த் தொண்டர் வந்து அழைத்ததால் சென்றனர்.

இனி வரதய்யபாளையத்துக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரி வழியே செல்லும் பக்கிங்காம் கால்வாயைச் சொல்லி முடிப்போம். 1806 இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிப் படிப்படியாக நீண்டது இக்கால்வாய். பஞ்ச காலத்தில், 1877-78 இல், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தூரத்தைப் பசித்தவர்கள் கூலிக்கு வெட்டி இணைத்தனர். ஆளுநர் பெயரையும் அப்போதுதான் சூட்டினர். பெத்த கஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டருக்கு அதில் படகுகள் உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிச் சென்றன.

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை எழுந்தபோது இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. ஐதராபாத்தில் அதற்கான மையம் 2007 இல்தான் வந்தது. அன்று பெத்த கஞ்சாமிலிருந்து சென்னை வரையுள்ள கரையில், ஊருக்கும் கடலுக்கும் இடையே கிடந்த இக்கால்வாய் பேரலையின் நீரை வாங்கிக்கொண்டு, சில இடங்களில் மட்டும் வழிந்து, சிறிது நேரத்தில் கடலுக்கே திருப்பிவிட்டது என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். கால்வாய் வெட்டியவர் எவரும் இதை எண்ணி வெட்டவில்லை. எனவே இதை முன்னேற்பாடு என்று நாம் கணக்கில் எழுத முடியாது. தற்செயல் என்றே எழுதவேண்டும்.

பஞ்சத்தில் வாடியவர் வெட்டிய அந்த எட்டுக் கிலோமீட்டரைக் காண விரும்பும் நேயர்கள், அடுத்த முறை விடுமுறையில் சென்னை செல்லும்போது சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்குப் பறக்கும் இரயிலில் ஏறி, சன்னல் வழியே கீழே நோக்குக. 1990 ஆம் ஆண்டுகளில் அவ்விரயிலுக்காக நட்ட தூண்கள் கால்வாயின் நடுவிலேயே நிற்கின்றன. கரைகள் சுருங்கிவிட்டன, நீர் கறுத்து அசையாமல் கிடக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, கடலுக்குப் போக வழி தேடிய நீர் இங்கும் வந்து, இடமில்லாமல் தெருவுக்குத் திரும்பிற்று.